விருத்தாம்பாளின் வேப்ப நிழல்

சுரங்கத்துக்கு நிலம் எடுத்தபோது விருத்தாம்பாளின் வேப்பமரத்தை வெட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நிழல் மட்டும் லாரியில் ஏறவில்லை. அவள் பின்னாலேயே நடந்து வந்துவிட்டது. ஊர் இருந்த இடம் பள்ளமானது. அதே பள்ளத்தில் அவள் கான்ட்ராக்டில் மண் சுமந்தாள். ஒருவர் படுக்கிற அளவே இருந்த அந்த நிழலில் உட்கார்ந்துதான் சோறு தின்பாள். மேலே வெறும் வானம். ஆனாலும் சித்திரையில் தலையில் வேப்பம்பூ உதிரும். பேச்சுத்துணைக்கு அவளுக்கு வேறு நாதியில்லை.

அதில் ஒரு சங்கடம். வேறு யாராவது படுத்தால் நிழல் அவர்களோடு போய்விடும். ஒருமுறை ஓர் ஆடு படுத்தது. நிழல் அதன் பின்னால் குள்ளஞ்சாவடி சந்தை வரைக்கும் போய்விட்டது. ஆடு உயிரோடு இருந்தவரை திரும்பவில்லை. அறுத்த மறுநாள் வந்து நின்றது. அன்றிலிருந்து அவள் யாரையும் அண்டவிடுவதில்லை. கருமி என்று மற்ற பெண்கள் கேலி செய்தார்கள், செய்துவிட்டுப் போகட்டும்.

மரம் வெட்டுவதற்கு முந்தி, புருஷன் சிங்காரவேல் செத்துப்போனதும் ஒரு கோடையில்தான். கொல்லையில் களை வெட்டியவன் தள்ளாடி வந்து கண்டபடி உளறினான். காத்து கருப்பு என்று அதே மரத்தின் கொத்தை ஒடித்து, வெயிலில் உட்காரவைத்து மந்திரித்தார்கள். உடம்பு அடுப்புக்கல்லாய்ச் சுடுகிறது, ஒரு பொட்டு வேர்வை இல்லை என்று அவள் கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை. அது வெயில் தாக்கியது என்று பிற்பாடு சுரங்கத்துக் கம்பவுண்டர் சொல்லித்தான் தெரிந்தது.

அறுபத்திரண்டாம் வருஷத்துக் கத்திரி வெயிலில், மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ராஜாங்கம் என்ற பர்மனென்ட் ஆள் ஷிப்டு நடுவில் தடுமாறி விழுந்து, இல்லாத ரயிலைக் கைதட்டிக் கூப்பிட்டான். மேஸ்திரி முகம் சுளித்தார். "காலையிலயே ஊத்திக்கினு வந்துருக்கான். அப்பிடியே கெடக்கட்டும்."

விருத்தாம்பாள் அவன் நெற்றியைத் தொட்டாள். அதே காய்ந்த சூடு. சுற்றுவட்டாரத்தில் நிழல் என்று இருந்தது அவளுடையது ஒன்றுதான். அதை ஒருமுறை பார்த்தாள். பிறகு மேஸ்திரி பக்கம் திரும்பினாள்.

"குடியும் இல்ல, ஒண்ணும் இல்லைங்க. ஒடம்பு கொதிக்குது, வேர்வையே காணோம். இந்த நெழலுக்குத் தூக்கியாங்க! தண்ணிய வாயில ஊத்தாதீங்க, பொறையேறிடும். மேல ஊத்துங்க!"

சட்டையைக் கழற்றி, பானைத் தண்ணீரையெல்லாம் அவன்மேல் கொட்டி, முந்தானையால் விடாமல் விசிறினாள். ஆஸ்பத்திரி வண்டி வந்தபோது அவன் தன் பேரைச் சொன்னான். வண்டி கிளம்பியது. நிழலும் கூடவே போனது.

ராஜாங்கம் பிழைத்தான். கல்யாணம் செய்தான், குவார்ட்டர்ஸ் வாங்கினான், மே மாதத்திலும் குடையில்லாமல் நடந்தான். அவன் போகிற தெருவில் வீசும் வேப்பம்பூ வாசம் டவுன்ஷிப்புக்குப் பழகிப்போனது. விருத்தாம்பாள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெட்டவெளியில் தனியாகச் சோறு தின்றாள். மனசு கேட்காமல் தினமும் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்ப்பாள். நிழல் திரும்பியிருக்காது, வெயில்தான் இருக்கும். அப்பாடா, அந்தப் பிள்ளை நல்லா இருக்கிறான் என்று கையைக் கழுவிக்கொண்டு மண் தூக்கப் போவாள்.