மொத்தப் பயண நேரம்

மாமனாரின் விமானப் பயணத்துக்கான மருத்துவச் சான்றுப் படிவத்தின் ஆறாவது கட்டத்தில் 'மொத்தப் பயண நேரம்' என்று அச்சிட்டிருந்தது. ஐந்து கட்டங்களை நிரப்பியிருந்த மருமகள் அங்கு வந்ததும் பேனாவை மூடினாள். இருந்த ஆத்திரத்தில் எழுதினால் தாள் கிழிந்துவிடும்.

மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்ப்பது அவள் தொழில். மாமனார் மூச்சுவிட நம்பியிருந்த ஆக்சிஜன் கருவியும் அவள் பொறுப்புத்தான். தன் மகளைப் பார்க்க அவரை வெளிநாட்டுக்கு அழைத்திருந்த கொழுந்தன், இரு நகரங்களுக்கும் இடையிலான தூரத்தை ஏதோ இணையப் பக்கத்தில் பார்த்து, '7,600 கிலோமீட்டர், ஒன்பதேகால் மணி நேரம்' என்று மூன்று வாரங்களுக்கு முன்பே அனுப்பியிருந்தான். பயண நேரத்தைப்போல் ஒன்றரை மடங்குக்குப் பேட்டரி இருக்க வேண்டும் என்பது விமான நிறுவனத்தின் விதி. அவளும் நாயாய் அலைந்து, பதினான்கு மணி நேரம் தாங்கும்படி நான்கு பேட்டரிகளைச் சேர்த்துவிட்டாள். இன்று காலை டிக்கெட் வந்தது: இரண்டு ஊர்களில் மாறி, இருபத்தேழு மணி நேரம். அதற்கு நாற்பது மணி நேரத்துக்கு மேல் பேட்டரி வேண்டும்; இல்லையென்றால் விமானத்தில் ஏற்றமாட்டார்கள்.

"நேரா வர்ற விமானம் செவ்வாய்க்கிழமைதான் இங்க இறங்குது அண்ணி. அன்னிக்கு எனக்கு ஆபீஸ். இது சனிக்கிழமையே வந்துடும்," என்றான் ஸ்பீக்கர் போனில்.

"அப்ப அந்த ஒன்பதேகால்?"

"அது தூரத்தை வச்சுப் போட்ட கணக்கு."

"ஸ்கேல் வச்சுக் கோடு போட்டா எல்லா ஊரும் பக்கம்தான் தம்பி. உங்க அப்பா கோட்டுமேல உக்காந்தா வரப்போறார்?"

"நடுவுல சார்ஜ் போட்டுக்கலாமே."

"ஒண்ணு நிரம்பவே மூணு மணி நேரம் ஆகும். ரெண்டாவது ஊர்ல நிக்கிறதே அம்பது நிமிஷம்."

"சும்மா பெரிசு பண்ணாதீங்க. ஃபார்ம்ல ஒன்பதேகால்னு எழுதுங்க. டாக்டர் டிக்கெட்டையா கேக்கப் போறார்?"

வீட்டில் குரல் உயர்ந்தால் அவள் கணவன் குளிக்கப் போய்விடுவான். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"அவன் சொல்றபடியே எழுதிடும்மா," என்றார் மாமனார் நாற்காலியிலிருந்து. "என் மூச்சு, நான் பாத்துக்கறேன்."

"உங்க மூச்சுதான் மாமா. பதினாலு மணி நேரத்துல அது நின்னா, எழுதின கை என்னோடது."

"அப்ப பேத்தி முகத்தைப் பாக்காமலே சாகச் சொல்றே!"

இத்தனை ஆண்டுகளில் அவளிடம் அவர் குரலை உயர்த்தியதில்லை. அவளுக்குக் கண் கலங்கியது. கோபம் மட்டும் குறையவில்லை. பேனாவைத் திறந்து, '27' என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இணைப்பிலேயே இருந்த போனை எடுத்து அவர் மடியில் வைத்தாள். "நேரா போற விமானம்னா இந்தப் பேட்டரி போதும், ஃபார்மையும் மாத்தி எழுதிடறேன். அதுக்குத் தம்பி செவ்வாய்க்கிழமை ஒரே ஒரு நாள் லீவு போடணும். நான் கேட்டா அண்ணி சண்டைக்கு வர்றாங்கன்னு ஆகும். நீங்க கேளுங்க."

பெற்ற மகனிடம்கூட எதையும் கேட்டுப் பழகாதவர் அவர். அவளை ஒருமுறை முறைத்துவிட்டுப் போனை உயர்த்தினார்.

"டேய், செவ்வாய்க்கிழமை லீவு போடு."

"பாக்கறேன்ப்பா."

"பாக்காதே." மூச்சு வாங்கியது, நிதானித்துக்கொண்டார். "போடு."

அவர் போனைக் கீழே வைப்பதாக இல்லை.