இடது பக்கக் கேட்

அகிலாவின் தொண்டைக்கு மைக் தேவையில்லை. ஆனாலும் அரசாங்கம் அவளுக்கு ஒரு மைக்கைக் கொடுத்து, மாதாமாதம் சம்பளமும் கொடுத்தது. தீவுக்குத் தீவு போகும் கப்பல்களின் பயணிகள் கூடத்தில் உட்கார்ந்து, எந்தக் கப்பல் எப்போது கிளம்பும் என்று இந்தியிலும் தமிழிலும் அறிவிப்பது அவள் வேலை. 'சற்று நேரத்தில் புறப்படும்' என்று அவள் சொன்னால், கப்பல் இன்னும் வந்தே சேரவில்லை என்பது பழகியவர்களுக்குத் தெரியும். வாரம் முழுக்க அப்படிப் பொய் சொல்லிக் களைத்த வாய், ஞாயிற்றுக்கிழமை கால்பந்து மைதானத்துக்கு வந்ததும் உண்மையைத் தவிர வேறு எதையும் பேசாது.

அவளுடைய அணி, குடியிருக்கும் பேட்டையின் பெயரே கொண்ட மின்னி பே. இடது எல்லைக்கோட்டை ஒட்டி இடிந்து கிடக்கும் குட்டிச்சுவர்தான் அவளுடைய இடம். மழை பெய்தால் குடையோடு நிற்பாள், வெயிலடித்தால் அதே குடையோடு நிற்பாள். கேப்டனும் கோல்கீப்பருமான அந்தோணிமுத்து ஒரு பந்தை விட்டால் போதும். "தம்பி, பந்தைப் பிடிக்கணும்ப்பா. தொட்டு ஆசீர்வாதம் பண்ணி உள்ள அனுப்பக் கூடாது" என்று எதிர்க்கரை வரைக்கும் கேட்கும். முன்னால் ஆடும் ஜெனிஷைப் பற்றி அவள் கருத்து, "இவனுக்குத் தலைமுடி கலைஞ்சிரும்னு பயம். தலைக்கு வர்ற பந்துக்கெல்லாம் குனிஞ்சு வழி விடுறான்." வலது பக்கத் தடுப்பாளன் சிவபிரகாஷ் ஒருவன்தான் அவள் வாயில் விழாமல் தப்பியவன். "அவன் மாட்டுக்கொட்டகைச் சுவரு. பாக்க லட்சணம் இல்ல, ஆனா முட்டுனவனுக்குத்தான் வலிக்கும்" என்பாள்.

இடது பக்கத் தடுப்பாளன் குணா. மின்சாரத் துறையில் லைன்மேன். அகிலாவின் புருஷன். மற்றவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் சாரல் என்றால், அவனுக்கு விழுந்தது அடைமழை. ஒன்றைச் சொல்ல வேண்டும், மரியாதை மட்டும் குறையாது. "என்னங்க, அங்க நின்னு வேடிக்கை பாக்குறீங்களே, டிக்கெட் எடுத்தா வந்தீங்க? கம்பத்துல ஏறத் தெரியுது, ஒரு பயலைத் தொரத்திப் பிடிக்கத் தெரியலையா? அந்த இடது காலு எதுக்குங்க, அலங்காரத்துக்கா?" எதிரணி ஆள் அவனைத் தாண்டிவிட்டால், கையை வாயருகே குவித்துக்கொண்டு தன் கப்பல் குரலை எடுப்பாள். "யாத்ரிகள் கவனத்துக்கு. மின்னி பே இடது பக்கக் கேட் திறக்கப்பட்டுள்ளது. எல்லாரும் உள்ளே போகலாம். கிருபயா த்யான் தீஜியே."

மைதானமே சிரிக்கும். குணாவும் லேசாகச் சிரித்தபடி ஓடுவான். எதிர்த்துப் பேசும் பழக்கம் அவனுக்கு எந்த நாளும் இருந்ததில்லை.

இந்தச் சிரிப்பெல்லாம் லீக் ஆட்டத்தில் இன்னொரு பேட்டையான டெய்ரி ஃபார்ம் அணியிடம் மூன்று கோல் வாங்கும் வரைக்கும்தான். மூன்றும் இடது பக்கம் வழியாகவே வந்தன. மின்னி பே தட்டுத் தடுமாறி இறுதி ஆட்டத்துக்கு வந்தபோது, எதிரே நின்றதும் அதே டெய்ரி ஃபார்ம்தான். குணாவை உட்கார வைத்துவிடலாம் என்று கமிட்டியில் முணுமுணுத்தார்கள். அந்தோணிமுத்துதான் ஒரே ஒரு வாய்ப்பு கேட்டு வாங்கினான். குணா அதைக் கேட்டுவிட்டு, "இந்தத் தடவையும் என் பக்கமா கோல் விழுந்தா பூட்ஸைக் கழட்டிர்றேன்ப்பா, நீங்க யாரும் சொல்ல வேணாம்" என்று மட்டும் சொன்னான். கால்பந்தை விட்டால் அவனுக்குக் கம்பமும் கம்பியும்தான் மிச்சம். அது அகிலாவுக்குத் தெரியும். அன்று சோற்றில் உப்புப் போட மறந்தாள்.

அந்த வாரத்தில்தான் பிமல் தா பயணிகள் கூடத்துக்கு வந்தார். டெய்ரி ஃபார்மில் மளிகைக் கடை வைத்திருக்கும் பெங்காலி. அந்த அணியின் கோச்சும் அவர்தான். கையில் ஒரு மிஷ்டி டப்பா, பெங்காலி இனிப்பு. அதை அவளிடம் நீட்டினார்.

"பாபிஜி, ஆப்கே லியே. உங்க கமெண்ட்ரி ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ்."

தன்னுடைய கால்பந்து ஞானத்தை ஊரே மெச்சுகிறது என்று அகிலாவுக்கு மனம் குளிர்ந்துபோனது. டப்பாவைத் திறந்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள். "தாதா, உங்களுக்குத் தமிழ் புரியுமா?"

"புரியும், புரியும். நம்ம வீட்டுக்கு ரெண்டு பக்கமும் தமிழ்க்காரங்கதான். சின்ன வயசுலேயே திட்டு எல்லாம் கத்துக்கிச்சு" என்றார் பிமல் தா பெருமையாக. "நீங்க கேட் திறந்தாச்சு சொல்லுது, நம்ம பசங்க நேரா உள்ளே போகுது. ஃபைனலுக்கும் ஜரூர் வரணும், பாபிஜி."

அவர் போன பிறகுதான் அவர் சொன்னதன் அர்த்தம் மண்டைக்கு ஏறியது. டிக்கெட் வரிசையில் யாராவது பெங்காலியில் முணுமுணுத்துத் தன்னைத் திட்டினால் அகிலாவுக்கு ஓர் எழுத்துப் பிசகாமல் புரியும். தெலுங்கில் திட்டினாலும் புரியும். இந்தத் தீவில் பக்கத்து வீட்டுப் பாஷை காதில் விழாமல் வளர்ந்தவர் யார்? அப்படியிருந்தும், தான் தமிழில் திட்டுவது தமிழர் காதுக்கு மட்டும் என்று இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டதோடு, அதற்கு இனிப்பும் வாங்கித் தின்றிருக்கிறாள்.

மறைத்துவைக்க அவளால் ஆகவில்லை. சாயங்காலம் பயிற்சி முடிந்ததும் டப்பாவோடு மைதானத்துக்குப் போய், எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொன்னாள்.

"தவள தன் வாயால கெடும்னு கேட்டுருக்கேன்" என்றான் அந்தோணிமுத்து. "இங்க தவள கத்துச்சு, கொளமே கெட்டுப்போச்சு. அக்கா, நீங்க ஃபைனலுக்கு வரப்படாது, சொல்லிட்டேன்."

"வருவேன். நான் வராம எந்த மேட்ச் நடந்துச்சு?"

"வந்தா வாயத் தெறக்கப்படாது."

"அதுக்கு நான் செத்துரலாம்ப்பா."

சுவரென்று பெயர் வாங்கிய சிவபிரகாஷ் மிஷ்டியைத் தின்றபடியே ஒரு யோசனை சொன்னான். "கேட்டை மாத்திச் சொல்லுங்கக்கா. வலது பக்கம் தொறந்திருக்குன்னு கத்துங்க. எல்லாம் எங்கிட்ட வந்து முட்டட்டும். குணா அண்ணனைப் புகழுங்க."

அணி முழுக்கத் தலையாட்டியது. அகிலாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "கப்பல் விஷயத்துலதான் பொய் சொல்றேன். பந்து விஷயத்துலயுமா?"

வீட்டுக்கு வந்து இட்லி மாவைக் கலக்கிக்கொண்டே அதையே புலம்பினாள். குணா குழாயடியில் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தான். தலை நிமிராமலே, "பொய்யாத்தான் இருக்கட்டுமே. நீ என்னைய நல்லா ஆடுறேன்னு சொன்னா எப்படி இருக்கும்னு ஒரு தடவ கேட்டுப் பாக்குறேன்" என்றான்.

அகிலாவுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இறுதி ஆட்டத்தன்று தூறிக்கொண்டிருந்தது. அகிலா சுவர்மேல் ஏறி, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். "யாத்ரிகள் கவனத்துக்கு. வலது பக்கக் கேட் திறக்கப்பட்டுள்ளது. சிவபிரகாஷு, தூங்குறியாப்பா? என்னங்க, உங்க காலு காலா, தங்கமா? இப்படி ஒரு ஆட்டத்தை நான் பாத்ததே இல்லையே."

தங்கக்கால் குணா அதைக் கேட்டதும் தன் காலே தடுக்கிக் குப்புற விழுந்தான். சிவபிரகாஷுக்கு நாடகம் என்று தெரிந்திருந்தும் முகம் வாடிப்போனது. ஆனால் டெய்ரி ஃபார்ம் பையன்கள் சொல்லிவைத்தாற்போல வலது பக்கமாகவே வந்து சிவபிரகாஷ் என்ற சுவரில் முட்டிக்கொண்டு திரும்பினார்கள். நடுவில் மின்னி பேக்கு ஒரு கார்னர் கிடைத்தது. ஜெனிஷ் வழக்கம்போல முடிக்குப் பயந்து குனிந்தான். பந்து அவன் பிடரியில் பட்டு உள்ளே போனது. தானே முட்டியதாக அவன் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தான்.

இரண்டாம் பாதியில் பிமல் தா குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு அகிலாவையே உற்றுப் பார்த்தார். அவரும் கல்யாணமானவர்தான். ஒரு பொண்டாட்டி இவ்வளவு நேரம் மூச்சுவிடாமல் புருஷனைப் புகழ்வது அவருக்கு நம்பும்படியாக இல்லை. ஏதோ தில்லுமுல்லு நடக்கிறது என்று தோன்ற, "குச் கட்பட் ஹை" என்று எழுந்து, "அரே, குணா கே சைட் ஸே ஜாவ்" என்று கத்தினார்.

அதற்கப்புறம் எல்லாப் பந்தும் குணா பக்கம்தான் வந்தது. அகிலாவின் வாய் அடைத்துப்போனது. திட்டினால் எதிரிக்கு லாபம், புகழ்ந்தால் யாரும் நம்பப் போவதில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக மைதானத்தில் பேசாமல் நின்று, குடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மாரியம்மனை வேண்டினாள். குணா விழுந்தான், எழுந்தான், ஆளை விட்டான், திரும்ப ஓடிப் பிடித்தான்.

முடியப்போகும் நேரத்தில் டெய்ரி ஃபார்மின் வேகக்காரப் பையன் ஒருவன் வெளிப்பக்கமாக அவனைத் தாண்டிவிட்டான். அந்தோணிமுத்து அவசரப்பட்டு முன்னால் வந்துவிட்டதால் கோல் வாய் காலியாகக் கிடந்தது. பையன் காலை ஓங்கினான். குணா பின்னாலிருந்து ஓடிவந்து, சேற்றில் சறுக்கி, அலங்காரத்துக்கு வைத்திருந்த அந்த இடது காலை நீட்டினான். ஆளைத் தொடவில்லை, பந்தை மட்டும் தட்டினான். பந்து உருண்டு வந்து சுவரில் மோத, அகிலாவின் சேலையெல்லாம் சேறு.

பந்தெடுக்கக் குணா சுவரடிக்கு வந்தான். அவள் கத்தவில்லை. "நல்லா இருந்துச்சுங்க. நெசமாவே ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றாள்.

குணா ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டுப் பந்தோடு ஓடினான்.

இதையும் நாடகம் என்றே அவன் எடுத்துக்கொண்டான் என்பதைச் சொன்ன அந்தக் கண்சிமிட்டல் அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. கடைசி விசில் ஊதியபோதும், அணி கோப்பையைத் தூக்கியபோதும், ஜெனிஷ் தன் பிடரியைப் படமெடுத்துக்கொண்டபோதும் அது உள்ளே கிடந்து உறுத்தியது. பிமல் தா நேரே அவளிடம் வந்தார். "பாபிஜி, ஜூட் போலா நா? பொய் சொல்லுச்சு. மிஷ்டி வாபஸ் குடு."

"டப்பா மட்டும்தான் இருக்கு தாதா, தரட்டுமா?" என்றாள் அகிலா. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அகிலா ஸ்கூட்டரில் பின்னால் ஏறி உட்கார்ந்ததும் குணா சொன்னான். "ரொம்ப நல்லாப் பொய் சொன்ன அகிலா. கடைசியில சொன்னியே, அது நெசம் மாதிரியே இருந்துச்சு. கேக்க நல்லா இருந்துச்சு."

நெசந்தான் என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். இனி சத்தியம் செய்தாலும் இந்த மனுஷன் நம்பப் போவதில்லை. நம்ப வைக்க அவளுக்குத் தெரிந்தது ஒரே வழிதான்.

"ஆரம்பத்துல தடுக்கி விழுந்தீங்களே, அது என்ன கூத்து?" என்று தொடங்கினாள். "பந்து இருந்தது எங்க, நீங்க நின்னது எங்க? பாதி நேரம் கரண்ட் போன வீடு மாதிரி நின்னீங்க. ஒரு த்ரோ போட்டீங்க, நேரா அவங்க ஆளு கைக்கே குடுத்த மாதிரி. அந்தக் குட்டைப் பய உங்களைச் சுத்திச் சுத்தி வந்தான், நீங்க ரங்கராட்டினம் பாக்குற மாதிரி பாத்துக்கிட்டு இருந்தீங்க."

குணாவின் முதுகு மெல்ல நிமிர்ந்தது. பழகிய குரல் காதில் விழுந்ததும் அவனுக்கு ஆட்டமே அப்போதுதான் முடிந்த மாதிரி இருந்தது. "சரி, சரி. அப்புறம்?"

"அப்புறம் கடைசியில ஒரு கால் போட்டீங்க பாருங்க" என்றாள் அகிலா, அதே குரலில், அதே கடுப்போடு. "அந்த மாதிரி ஒண்ணு இந்த மைதானத்துல எவனும் போட்டதில்ல."

தங்கள் வீட்டுத் திருப்பம் வந்தது. குணா திரும்பவில்லை. கடற்கரைச் சாலையில் நேரே போய்க்கொண்டே இருந்தான்.

"என்னங்க, வீடு தாண்டிப் போயிருச்சு."

"தெரியும்" என்றான் குணா. "இன்னொரு தடவ மொதல்லேர்ந்து சொல்லு. தடுக்கி விழுந்ததுலேர்ந்து."