ஆவுடையப்பன் சாலை

எங்கள் சாலை பாதி வழியில் நின்றுபோனதற்குக் காரணம், அதை யாரும் முறைப்படி அழைக்கவில்லை என்பதுதான். அந்தச் சாலை என் மாமனார். அழைக்காத இடத்துக்கு அவர் என்றைக்கும் போனதில்லை.

வடதுருவ வட்டத்துக்கு மேலே, கனடாவின் ஓரத்தில், இனுயிட் மக்கள் வாழும் சின்ன ஊர் அது. உள்ளே தள்ளி ஒரு சுரங்கம் இருந்தது. கடற்கரையில் ஒரு துறைமுகம் வருவதாக இருந்தது. இரண்டையும் சேர்க்கும் சாலைக்கு நான் பொறியாளன். தூத்துக்குடிக்காரன், பெயர் ரெமிஜியுஸ். என் மனைவி செண்பகம் திருநெல்வேலிக்காரி. அவளுடைய அப்பா ஆவுடையப்பன் பிள்ளை எங்கள் கல்யாணத்துக்கு வரவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவுமில்லை. சாதி ஒரு பக்கம், மதம் ஒரு பக்கம் இருந்தாலும் அவர் வெளியே சொன்ன காரணம், பத்திரிகையைத் தபாலில் அனுப்பிவிட்டோம் என்பது. அப்பா ஒரே ஒரு தடவை நம் வீட்டில் கை நனைத்தால் போதும் என்று செண்பகம் சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவர் இறந்துபோனார். பனிப்புயலில் விமானம் கிளம்பவில்லை. முகம் பார்க்கக்கூட எங்களால் போக முடியவில்லை.

அந்த வாரம்தான் ஊர்க்கூட்டம் நடந்தது. எல்லாவற்றையும் ஊராரைக் கலந்து பேசியே செய்வோம் என்று கம்பெனி வாக்குக் கொடுத்திருந்தது. சாலை எந்த வழியாகப் போகும், எத்தனை லாரி ஓடும் என்பதெல்லாம் தலைமை அலுவலகத்தில் முன்பே முடிவாகியிருந்தது. கரிபூ மான்கள் குட்டி போடும் சமவெளியின் குறுக்கே சாலை போகும் என்பதும் அதில் அடக்கம். ஊராருடன் கலந்து பேச ஏதாவது மிச்சம் வேண்டுமே என்று எங்கள் மேலாளர் கோர்டன் தேடிப் பார்த்தார். பெயர் மிச்சமிருந்தது. சாலைக்கு ஊராரே பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று பெரிய மனது பண்ணி அறிவித்தார். தேநீரும் பிஸ்கட்டும் வந்தன.

அந்த ஊரில் பெயர் வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. இறந்தவர் பெயரைப் பிறக்கும் குழந்தைக்கு வைத்தால் குழந்தை அவராகவே ஆகிவிடும். தாத்தா பெயர் வைத்த பிள்ளையைப் பெற்றவளே அப்பா என்றுதான் கூப்பிடுவாள். வேட்டைக்காரர் சங்கத் தலைவி அட்சைனாக் பிஸ்கட்டைக் கடித்தபடி என் பக்கம் திரும்பினாள்.

“என்ன தம்பி, மூஞ்சி தொங்கிப் போயிருக்கு?”

“மாமனார் தவறிட்டார்க்கா.”

“அவர் பேரை யாருக்காவது வெச்சாச்சா?”

“இல்ல.”

“அப்ப பேர் வெளியில குளிர்ல நிக்குமே. ஆள் எப்படி?”

“கூப்பிடாம யார் வீட்டுக்கும் போகமாட்டார். வீட்டுக்காரங்களே நேர்ல வந்து கூப்பிடணும்.”

அட்சைனாக் இரண்டு புருவங்களையும் உயர்த்தினாள். அங்கே ஆமாம் என்பதை அப்படித்தான் சொல்வார்கள். அவளைப் பார்த்து வேட்டைக்காரர்கள் எல்லோரும் புருவத்தை உயர்த்தினார்கள். சாலைக்கு மாமனார் பெயரே முடிவானது. கோர்டன் எழுந்து நின்று கைதட்டினார்.

அன்று முதல் சாலை மாமாவாக இருந்தார். இன்னும் மண்ணும் ஜல்லியும் கொட்டாததால் அவர் வழி குறிக்க நட்ட ஆரஞ்சு நிறக் கொடிகளின் வரிசைதான். ஆனால் நடை அவருடையதே. காலையில் காபி நேரம் கழிந்த பிறகுதான் நகர்வார். வெயில் கண்ணில் அடித்தால் நிழல் பக்கமாக ஒதுங்கிப் போவார். நான் அளவுக் கருவியை அவர் முன்னால் நீட்டுவதை விட்டுவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்று அளந்தேன். செண்பகம் தினமும் ஜன்னல் வழியாகக் குன்றுப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

சமவெளியின் விளிம்புக்கு வந்ததும் மாமா நின்றுவிட்டார்.

கோர்டன் என்னைக் கூப்பிட்டு, என்ன செய்தால் உன் மாமனார் நகர்வார் என்று கேட்டார். அது மான்களின் வீடு, மான்கள் வந்து அழைத்தால் நகர்வார் என்றேன். தலைமை அலுவலகம் மான்களின் சார்பில் அழகான அழைப்பிதழ் அச்சடித்துக் கூரியரில் அனுப்பியது. தபாலில் வந்த பத்திரிகை என்றால் மாமா எப்படி எடுத்துக்கொள்வார் என்பது எனக்குத் தெரியும். அன்றைக்கே நூறு அடி பின்வாங்கினார். பிறகு கோர்டன் தட்டில் ஆப்பிளும் ஆரஞ்சும் வைத்துச் சமவெளிக்குக் கொண்டுபோய், இதை எடுத்துக்கொண்டு போய் அவரை அழையுங்கள் என்று மான்களிடம் பணிவாகவே கேட்டுக்கொண்டார். மான்கள் ஆப்பிளைத் தின்றன. ஆரஞ்சை விட்டுவிட்டன. அழைக்கப் போகவில்லை.

“நாங்களே அங்க போறதுன்னா அதுங்களைக் கேட்டுட்டுத்தான் போவோம்” என்றாள் அட்சைனாக். “உங்க மாமனாருக்கு இருக்கிற மரியாதை உங்க கம்பெனிக்கு இல்லையே தம்பி.”

செண்பகம் அன்று என்னோடு சாப்பிட உட்காரவில்லை.

“அப்பா அந்தக் காத்துல தனியா நிக்காங்க. நீங்க கொடி எண்ணிட்டு இருக்கீய” என்றாள். கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டாள். வெற்றிலை கிடைக்காத ஊர். தட்டில் சீனியும் குங்குமமும் வைத்துக்கொண்டாள். என்னையும் வரச் சொன்னாள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. உயிரோடு இருந்தபோது அவர் எதிரே நான் நின்றதே இல்லை.

முதல் கொடிக்கு முன்னால் நாங்கள் இருவரும் பனியில் விழுந்து கும்பிட்டோம்.

“நம்ம வீட்டுக்கு வாங்கப்பா” என்றாள் செண்பகம்.

“வாங்க மாமா” என்றேன் நானும்.

நாங்கள் வீட்டை அடைவதற்குள் அவர் வந்துவிட்டார். கொடிகள் வாசற்படி ஏறி, கூடத்தைக் கடந்து, சாப்பாட்டு மேசைக்கு அருகில் போய் நின்றன. செண்பகம் சொதியும் இஞ்சிப் பச்சடியும் செய்தாள். மாமா மறு சோறு வாங்கிச் சாப்பிட்டார். அவள் அடுப்படியில் நின்று அழுதாள். நானும்தான் அழுதேன்.

கம்பெனிக்கு இது சரிப்படவில்லை. அனுமதி வாங்கிய திட்டத்தின்படி சாலை துறைமுகத்தில் முடிய வேண்டும். துறைமுகத்துக்காவது தகுந்த ஆளின் பெயரை நாமே வைப்போம் என்று தலைமை அலுவலகம் உஷாரானது. கம்பெனியை ஆரம்பித்து என்றோ இறந்துபோன முதலாளியின் பெயரை வைத்தார்கள். அவருக்குத் தண்ணீர் என்றால் நடுக்கம் என்பதை யாரும் விசாரிக்கவில்லை. பெயர் வைத்த அன்றே துறைமுகம் கடற்கரையை விட்டுக் கிளம்பியது. குன்றேறி, ஊருக்குள் நுழைந்து, விளக்கு எரிந்த முதல் வீடான எங்கள் வீட்டுக்கு எதிரே வந்து நின்றது. முதலாளியே வந்திருக்கிறார், யார் போய் அழைப்பது என்று நானும் அதைத் துரத்திக்கொண்டு வந்த கோர்டனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

மாமா எழுந்தார். எங்களைத் தாண்டிக்கொண்டு, வீட்டுக்குப் பெரியவராகத் தாமே வாசலுக்குப் போய், துறைமுகத்தை உள்ளே அழைத்துவந்து தம் பக்கத்தில் உட்காரவைத்தார். சாலையும் துறைமுகமும் சேர்ந்துவிட்டன என்று கோர்டன் தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தார். பின்னாலேயே மூன்று கப்பல்கள் குன்றேறி வந்தன. அவற்றைச் செருப்பு விடும் இடத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, செண்பகம் இன்னும் கொஞ்சம் அரிசி களைந்து போட்டாள்.