காயாத ஏரி

சாயம் குழைக்கும் ஆளிவிதை எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று படம் வரைந்துகொண்டிருந்த ருக்னுதீன் குரல் கொடுத்தான். அவன் மனைவி சம்சாத் பேகம் அடுப்படியிலிருந்து தேங்காயெண்ணெயை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனாள்.

"மீன் பொரிக்க வச்சிருந்தேன். இதையா ஊத்துவாங்க?"

"எண்ணெய்க்கு எண்ணெய்தானே? அங்க பாரு, அக்கரையில தண்ணி கறுக்குது. காத்து கிளம்பிருச்சு. மேகத்து நிழல் இங்க வர்றதுக்குள்ள முடிக்கணும்."

"மழையும் கூடவே வரும். எந்திரிங்க லா!"

அவன் எழுந்திருக்கவில்லை. காற்று நீரைச் சுருக்கிக்கொண்டு வருவதைப் பார்த்துப் பார்த்துப் தேங்காயெண்ணெயில் குழைத்த நீலத்தைப் பலகையில் தீற்றினான். மழை கொட்டியபோது குடையைப் படத்துக்குப் பிடித்து, தான் நனைந்து வந்தான். மறுநாள் கண்ட காய்ச்சல் அவனைக் கொண்டுபோய்விட்டது.

பெக்கோக் ஊரில் இருந்த அவர்களுடைய சாப்பாட்டுக்கடையில் அவள் படத்தை மாட்டினாள். மாதங்கள் போயின; சாயம் காயவில்லை. தூசி படிந்தது.

"தேங்காயெண்ணெய் எந்தக் காலத்துலயும் காயாது மதினி," என்றான் கொழுந்தன் சிக்கந்தர். "துடைச்சுட்டு வேற ஆளை வச்சு வரைஞ்சுக்கலாம்."

"அவங்க பார்த்த காத்தை வேற ஆளு எங்க போய்ப் பார்ப்பாரு?"

அவள் படத்துக்குக் கண்ணாடிப் பெட்டி செய்வித்தாள். வருடங்கள் கழிந்தும், திறந்து தொட்டால் அக்கரைத் தண்ணீர் விரலில் நீலமாக ஒட்டுகிறது.