இடப்பக்கம் ஏறிய நூல்

நூல்கண்ணாடியின் வரலாற்றை எழுத ஒரு பெண் வருகிறாள் என்றதும் பட்டறைக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. தெளிந்த கண்ணாடிக்குள் வெள்ளை நூல் ஓடவிட்டு, சூட்டோடு சூடாக முறுக்கி ஜாடி ஊதுவதுதான் அந்த வீட்டுத் தொழில். தாத்தா தொடங்கினார், அப்பா தொடர்ந்தார், மூன்றாவதாகத் தன் படம் வரப்போகிறது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு உலை முன்னால் நின்ற ஒரே மனிதர் உலகத்திலேயே இவராகத்தான் இருப்பார்.

வந்தவள் படம் எடுக்கவில்லை. அலமாரியிலிருந்த ஜாடிகளை வருஷ வரிசைப்படி மேசைமேல் அடுக்கிவிட்டு, குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சார், ஒரு சந்தேகம். உங்க தாத்தா, அப்பா ஜாடியில எல்லாம் நூல் வலப்பக்கமா ஏறுது. நீங்க பரிசு வாங்கின ஜாடியும், அதுக்கு முந்தின ஒம்பது வருஷத்து ஜாடிங்களும் மட்டும் இடப்பக்கமா ஏறுது. அப்புறம் மறுபடி வலப்பக்கம். ஏன்?"

பட்டறைக்காரருக்குக் காரணம் தெரியும். வலக்கைக்காரர் ஊதுகுழலை ஒரு பக்கம் உருட்டுவார், இடக்கைக்காரர் மறுபக்கம். நூலும் அப்படியே முறுக்கிக்கொள்ளும். அந்த வீட்டில் இடக்கைக்காரி ஒருத்திதான். பத்தடி தள்ளி, வைக்கோல் வைத்து ஜாடிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவருடைய அக்கா.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், கண்காட்சியில் பரிசு கொடுக்க வந்தவர்கள் "யார் செஞ்சது?" என்று கேட்டபோது, "நான்தான்" என்று அவர் வாயில் வந்துவிட்டது. வந்துவிட்டது என்பதே பொய். யோசித்துத்தான் சொன்னார். அக்கா எங்கேயோ பின்னால் நிற்கிறாள், காதில் விழுந்திருக்காது, பட்டறைக்குக் கிடைத்த பரிசு என்றே நினைத்துக்கொள்வாள் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார். மறுநாள் காலையில் அக்கா, "கண்ணு சரியில்லடா. இனிமே நான் பெட்டி கட்டுறேன்" என்றாள். ஒரு கேள்வி கேட்காமல் நம்பினார். நம்புவது அவ்வளவு வசதியாக இருந்தது.

"அது... அப்ப சும்மா மாத்தி முறுக்கிப் பார்த்தேன்" என்றார் இப்போது.

"ஒரு தடவை செஞ்சு காட்டுறீங்களா?"

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? குழலை உலைக்குள் விட்டுக் கண்ணாடிக் குழம்பை அள்ளினார். நூல் பதித்தார். பழகாத பக்கம் உருட்டினார். நாற்பது வருஷக் கை பேச்சைக் கேட்கவில்லை. இரண்டாவது சுற்றிலேயே கட்டி ஒரு பக்கம் சரிந்து, தொங்கி, பொத்தென்று தரையில் விழுந்தது. புதுச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

அக்கா கையிலிருந்த வைக்கோலை உதறிவிட்டு வந்தாள். "அவனுக்குத் தோள்பட்டை சரியில்லம்மா. அந்தக் காலத்துல ரெண்டு பக்கமும் முறுக்குவான். அப்படியே எழுதிக்குங்க."

வந்தவளும் எழுதத் தொடங்கினாள். தப்பித்தாயிற்று, மூச்சு விட வேண்டியதுதான் பாக்கி. ஆனால் அறுபது வயது மனிதனுக்கு, சின்ன வயதில் மூக்கைத் துடைத்துவிட்ட மாதிரி அக்கா ஒரு பொய்யைச் சொல்லித் துடைத்துவிட்டிருந்தாள். அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. உலைக்குள்ளேயே தலையை விட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

"எழுதாதீங்க" என்றார். "அதெல்லாம் அக்கா செஞ்சது. நான் என் பேரைச் சொல்லி வாங்கிக்கிட்டேன். அன்னிக்கு நான் சொன்னது அக்காவுக்கே தெரியாது."

"தெரியும்டா" என்றாள் அக்கா. "அன்னிக்கு உன் பின்னாடிதான் நின்னேன். நீ திரும்பிப் பாப்பன்னு நெனச்சேன்."

அவர் மெதுவாகக் கேட்டார், "அப்ப உன் கண்ணு?"

"கண்ணுக்கு என்ன? தலைமுடி கனத்துல விரிசல் இருந்தாலும் பெட்டிக்குள்ள விடமாட்டேன். உன் ஜாடியில எத்தனையைத் திருப்பி அனுப்பியிருக்கேன்னு உனக்கே தெரியும்."

வந்தவள் எழுதியதை அடித்தாள். "அம்மா, உங்க பேரு?"

அக்கா தம்பியையே பார்த்தாள். "நீ சொல்லுடா. அன்னிக்குச் சொல்ல வேண்டியதுதானே."

பட்டறைக்காரர் சொன்னார். சத்தமே வரவில்லை. வந்தவள் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அக்கா பக்கம் திரும்பி நின்று, இன்னொரு தடவை சொன்னார்.