ஊசியக்காவின் மூன்றாவது டோக்கன்

சட்டை தைக்கும் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் தைப்பவள் அல்ல, ஊசிகளுக்குக் காவல். இயந்திரத்தில் ஊசி முறிந்தால் துண்டுகளையெல்லாம் பொறுக்கி அவளிடம் கொண்டுவர வேண்டும். அவற்றை ஒரு தாளில் ஒன்றோடொன்று பொருத்தி, முழு ஊசி ஆகிறதா என்று பார்த்து, டேப் ஒட்டிய பிறகுதான் புது ஊசியைக் கண்ணில் காட்டுவாள். நுனி மட்டும் குறைந்தாலும் அந்த வரிசை முழுக்க வேலை நிற்கும். தரையைக் காந்தத்தால் துழாவுவார்கள், தைத்த துணிகளை உதறுவார்கள். ஒருமுறை மேனேஜரே இறங்கி வந்து, ஒரு துண்டுக்காக இத்தனை பேரை நிற்க வைப்பாயா என்று கேட்டார். "அந்தத் துண்டு ஒரு குழந்தை கழுத்துல குத்தினா நீங்க போய் எடுப்பீங்களா சார்?" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி குனிந்து தேட ஆரம்பித்தாள். மேனேஜர் வந்த வழியே போனார்.

அப்படிப்பட்டவளிடம்தான் உடம்புக்குள் ஒரு உலோகத்தை வைத்து, வருடக்கணக்கில் அப்படியே விட்டுவிடச் சொன்னார்கள். காப்பர் டி. கர்ப்பம் தரிக்காமலிருக்கக் கருப்பைக்குள் வைக்கிற செம்பு.

வைக்காமலும் முடியாது. ஏழு மாதத்துக்கு முன் அவளுடைய அக்கா மூன்றாவது பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய்ச் சேர்ந்துவிட்டாள். பிழைத்த கைக்குழந்தை இப்போது ஊசியக்காவிடம் வளர்கிறது. அக்காவின் மூத்த பிள்ளைகள் இரண்டும் மாடியில் அத்தானோடு படுத்தாலும் சாப்பாடும் தலைவாரலும் கீழே இவளிடம்தான். இவளுக்கும் இரண்டு. ஆக, ஐந்து பிள்ளைகளுக்கு ஒரே அம்மா. இவளுக்கும் இரண்டாவது பிரசவத்தில் ரத்தம் கொட்டி, மூன்று பாட்டில் ஏற்றித்தான் மீட்டார்கள். இன்னொன்று உண்டானால் அக்காவின் கதைதான் என்று டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். மாத்திரை இவள் ரத்த அழுத்தத்துக்கு ஆகாது. ஆபரேஷன் என்றால் கைக்குழந்தையைத் தூக்கக்கூடாது என்பார்கள். புருஷன் நல்ல மனிதன், ஆனால் எதைக் கேட்டாலும் உன் இஷ்டம் என்பான். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு எரிச்சலே வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் முதல் டோக்கன் வாங்கிய அன்று, பேர் கூப்பிடும் நேரத்தில் கழிப்பறைக்குப் போகிறேன் என்று பின்வாசல் வழியாக வெளியேறிவிட்டாள். இரண்டாம் முறை கட்டில் வரை போய்ப் படுத்தாள். தட்டில் கருவிகள் உரசும் சத்தம் கேட்டதும் போன் அடிக்குது சிஸ்டர் என்று எழுந்து போனவள்தான். போன் அவள் கையில்தான் இருந்தது, அடிக்கவே இல்லை.

அதன்பிறகு அவளுக்கு எதிலும் இருப்புக் கொள்ளவில்லை. குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டாள். கேஸை மூடினோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து பார்த்தாள். ஒருநாள் மதிய இடைவேளையில், யாரும் இல்லாத நேரம் பார்த்து, மோட்டாருக்குள் சுற்றுகிற செம்புக் கம்பியில் ஒரு சாண் எடுத்து ஒரு சட்டைப்பைக்குள் போட்டு, டிடெக்டர் பெல்ட்டில் விட்டாள். பார்சல் ஆகும் ஒவ்வொரு துணியும் அந்த இயந்திரத்துக்குள் போய்த்தான் வெளியே வரும். உள்ளே ஊசித்துண்டு இருந்தால் மணி அடித்து பெல்ட் நின்றுவிடும். ஒன்பது வருடமாக அவள் நம்பிய இயந்திரம் அது. சட்டை உள்ளே போயிற்று. மறுபக்கம் சமத்தாக வெளியே வந்தது. மணி அடிக்கவில்லை. திருப்பி விட்டாள். மறுபடியும் சத்தமில்லை.

எப்போதோ வந்து பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக் சிரித்தான். "என்னக்கா, மிஷினுக்குப் பரீட்சை வைக்கிறீங்களா? அது இரும்பைத்தான் மோப்பம் பிடிக்கும். செம்பும் பித்தளையும் அதுக்குக் கண்ணுலயே படாது. பித்தளை ஜிப்பு வச்சதெல்லாம் தினமும் போகுதே, பாக்கலையா?"

பார்த்திருக்கிறாள். தினமும் பார்த்தும் ஒருநாளும் யோசித்ததில்லை. அன்று சாயங்காலம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அதே நினைப்புதான். இந்த இயந்திரத்துக்கே தெரியாத ஒன்று உள்ளே எங்கேயாவது நகர்ந்து தொலைந்து போனால் யார் கண்டுபிடிப்பார்கள்? இறங்கவேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது.

மூன்றாவது டோக்கன் அன்று அத்தான்தான் தன் டெலிவரி வேனில் கொண்டுவந்து விட்டார். புருஷன் லீவு போட்டுவிட்டுப் பிள்ளைகளோடு இருந்தான். நர்ஸ் இவளைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள்.

"வாங்க ஓட்டக்காரக்கா. இன்னைக்குச் செருப்பை நான் வாங்கி வச்சுக்கட்டுமா?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஊசியக்காவும் சிரித்துவைத்தாள். உள்ளே போனதும் கட்டிலில் ஏறவில்லை. அதை முதலில் கையில் கொடுங்கள், பார்க்கவேண்டும் என்றாள். நர்ஸ் மேசையிலிருந்த மாதிரியை எடுத்துக் கொடுத்தாள். விரல் நீளத்துக்கும் குறைவான வெள்ளைப் பிளாஸ்டிக், அதில் நெருக்கமாகச் சுற்றிய செம்பு, அடியில் இரண்டு நூல். வெளிச்சத்தில் பிடித்து, எங்காவது பிசிறு இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்தாள்.

"உள்ள போய் இது காணாம போனா?"

"நூலை வச்சுப் பாப்போம். நூல் தட்டுப்படலைன்னா ஸ்கேன். அதுலயும் இல்லைன்னா எக்ஸ்ரே. எக்ஸ்ரேல பளிச்சுனு தெரியும். கிடைக்கிற வரைக்கும் தேடுவோம்க்கா, விடமாட்டோம்."

"யாருக்காவது அப்படி ஆகியிருக்கா?"

நர்ஸ் கதவைப் பார்த்தாள். வெளியே இன்னும் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆனாலும் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துதான் பதில் சொன்னாள். சிலருக்குத் தானாகவே வெளியே வந்துவிடும், அதனால்தான் மாதம் ஒருமுறை நூலைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறோம் என்றாள். பதினோரு வருடத்தில் ஒரே ஒருத்திக்கு அது வயிற்றுக்குள் நகர்ந்து போனது, சின்ன ஆபரேஷன் செய்து எடுத்தார்கள், போன வாரம்கூட அவளைக் காய்கறிக் கடையில் பார்த்தேன் என்றாள்.

அதைக் கேட்டபிறகுதான் ஊசியக்காவுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது என்று இதுவரை சொன்னவர்கள் யாரையும் அவளால் நம்ப முடியவில்லை. எல்லாத் துண்டும் கிடைச்சிருச்சுக்கா என்று தரையைப் பார்க்காமலே சொல்கிறவர்களை அவள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறினாள்.

டாக்டரம்மா வந்தார். குளிர்ந்த கருவி, அடிவயிற்றில் ஒரு அழுத்தம், மூச்சை இழுத்துவிடச் சொன்னார்கள். ஒரு பிடி பிடித்தது. மாதவிலக்கின் முதல்நாள் வலியைவிடக் கொஞ்சம் கூட. பல்லைக் கடித்தாள். பிறகு கத்தரிக்கோல் நூலை நறுக்குகிற சின்னச் சத்தம்.

"முடிஞ்சது."

"எது?"

"எல்லாமேதான்" என்று நர்ஸ் போர்வையை இழுத்து மூடிவிட்டாள்.

கொஞ்ச நேரம் படுத்திருக்கச் சொன்னார்கள். எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்தது. அவள் ஏறிப் படுத்து ஏழு நிமிடம் ஆகியிருந்தது.

இதற்குத்தானா. அவள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன வருடம் அக்கா இதே ஆஸ்பத்திரிக்குத் தனியாக வந்தாள். துணைக்கு வாடி, பயமா இருக்கு என்று கூப்பிட்டபோது, சரக்கு அனுப்பும் வாரம், லீவு கிடைக்காது, அடுத்த மாதம் போகலாம் என்று சொன்னவள் இவள்தான். அக்கா வந்து, பெஞ்சில் அரைநாள் உட்கார்ந்திருந்து, பயந்து திரும்பிப் போனாள். பயமா இருந்தா விடு, பாத்துக்கலாம் என்று ஆறுதல் சொன்னவர் அத்தான். அடுத்த மாதம் அக்காவுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது.

ஏழு நிமிடம். அவள் போர்வையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். நர்ஸ் ஓடிவந்து, ரொம்ப வலிக்குதா, ஊசி போடட்டுமா என்று கேட்டாள். இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள். வலித்திருந்தால் தேவலை. ஒரு மணி நேரம் உயிரை வாங்கியிருந்தால், அக்கா பயந்ததில் ஒரு நியாயமாவது இருந்திருக்கும்.

வெளியே வந்தபோது அத்தான் வேனில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். சவரம் செய்து நாலு நாள் ஆகியிருக்கும். கதவைத் திறந்துவிட்டார், அவள் ஏறி உட்கார்ந்த பிறகும் சாவியைத் திருப்பவில்லை. ஸ்டீயரிங்கைப் பார்த்தபடி கேட்டார்.

"ரொம்ப நேரம் ஆகுமா, அது?"

அவர் கேட்பது இன்றைய விஷயம் இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. தொழிற்சாலையில் ஒரு துண்டு குறைந்தாலும் குறைகிறது என்றுதான் எழுதுவாள். பொய் எழுதியதே இல்லை.

"ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு அத்தான்."

"வலிச்சுதா?"

"தாங்க முடியல. நான் ஊரைக் கூட்டிட்டேன். அக்காவால எல்லாம் ஆகியிருக்காது."

அத்தான் மெல்லத் தலையாட்டினார். "அவளுக்கு ஊசின்னாலே ஆகாது" என்றார். அவருடைய தோள்கள் கொஞ்சம் இறங்கின. சாவியைத் திருப்பினார்.

தெரு முனையில் வேகத்தடை வந்தது. எப்போதும் குதித்து ஓடுகிற வேனை நடைவேகத்துக்குக் கொண்டுவந்து, முன் சக்கரத்தை மெதுவாக ஏற்றி, மெதுவாக இறக்கி, அவள் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிறவளைப் போல முகத்தைச் சுளித்தாள்.