முன்கூட்டியே நடந்த விளையாட்டு விழா

பள்ளி வாசலை ஒட்டி ஒரு கரும்பலகை. தலைக்கு மேல் தகரக் கூரை, நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. கோட்டுக்கு இடப்பக்கம் ‘நடந்தவை’, வலப்பக்கம் ‘நடக்கவிருப்பவை’. பேருந்து நிற்பதும் அந்த வாசலில்தான் என்பதால் வண்டிக்குக் காத்திருக்கும் ஊர் முழுக்க அதைப் படிக்கும். படிக்கும் என்றால், இடப்பக்கத்தை மட்டும். ‘முதல் வகுப்பு நூறு வரை எண்ணிவிட்டது’, ‘கீரைப் பாத்தியில் முளை விட்டது, மிதித்தவர் மன்னிப்புக் கேட்டார்’, ‘மூன்றாம் வகுப்பில் ஒரு பல் விழுந்தது, பல்லுக்குச் சொந்தக்காரர் நலம்’ என்றெல்லாம் அங்கே எழுதியிருக்கும். மிதித்தது யார் வீட்டுப் பிள்ளை, பல் யார் வீட்டுப் பல் என்று வண்டி வரும்வரை விவாதம் நடக்கும். வலப்பக்கத்தைச் சீந்த ஆளில்லை. நடக்கப்போவதைத் தெரிந்துகொண்டால் அப்புறம் போய்த் தொலைக்க வேண்டியிருக்குமே!

எழுதுகிறவர் பெரிய டீச்சர். தலைமையாசிரியை என்றுதான் அரசாங்கம் சொல்லும். ஆனால் இரண்டே அறையும் இரண்டே ஆசிரியர்களும் உள்ள பள்ளியில் மிச்சமிருப்பது சின்ன டீச்சர் ஒருத்திதான் என்பதால் ஊர் வைத்த பெயரே நிலைத்துவிட்டது. திங்கட்கிழமை காலையில் மூக்கு ஒழுகுவதைத் துடைக்கவும் செருப்பு மாறியதைப் பிரித்துக் கொடுக்கவுமே நேரம் சரியாக இருக்கும். அதனால் அடுத்த வாரத்துப் பலகையை வெள்ளிக்கிழமை சாயங்காலமே எழுதி முடித்துவிடுவது அவர் வழக்கம்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் மனசு ஒரு நிலையில் இல்லை. போன வருஷம் வந்த கல்வி அதிகாரி ‘பெற்றோர் ஈடுபாடு இல்லை’ என்று அறிக்கை எழுதிவிட்டுப் போயிருந்தார். இந்த வருஷமும் அதையே எழுதினால் பள்ளியை மூடி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். பென்சிலைச் சரியாகப் பிடிக்கத் தெரியாத குழந்தைகள் விடியும் முன்பே எழுந்து பேருந்தில் தொங்க வேண்டும். பாதிப் பேர் போக மாட்டார்கள். யார் யார் நின்றுவிடுவார்கள் என்பதுகூடப் பெரிய டீச்சருக்குத் தெரியும்.

அதற்காகத்தான் சனிக்கிழமை விளையாட்டு விழா. பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் கயிறு இழுக்கும் போட்டி. சாக்கட்டியை எடுத்தவர், இடப்பக்கத்தில் அழகாக எழுதினார்: ‘சனிக்கிழமை விளையாட்டு விழா இனிதே நடந்தது. பெற்றோர் திரண்டு வந்தனர். கயிறு இழுக்கும் போட்டியில் பெற்றோர் ஆசிரியர்களை வென்றனர்.’

பின்னால் நின்ற சின்ன டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “டீச்சர், இன்னும் நடக்கவே இல்லையே?”

“நாளைக்கு நடந்துரும்.”

“ஜெயிச்சது யாருன்னுகூட எழுதிட்டீங்க!”

“நீயும் நானும் ஒரு பக்கம். ஊரே இன்னொரு பக்கம். யாரு ஜெயிப்பாங்கன்னு பாத்துட்டா எழுதணும்?”

பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைத்த கதைதான். ஆனால் பெரிய டீச்சரிடம் எதிர்வாதம் செய்து ஜெயித்தவர் அந்தப் பள்ளியில் இதுவரை யாரும் இல்லை.

சனிக்கிழமை மழை கொட்டித் தீர்த்தது. மைதானம் குளமாயிற்று. இரண்டு டீச்சர்களும் கயிறும் வராந்தாவில் நின்று பார்த்துவிட்டு வீடு திரும்பினார்கள். ஒரு பெற்றோரின் நிழல்கூட அந்தப் பக்கம் ஆடவில்லை. அந்த வருத்தத்தில் பலகை இருவருக்கும் மறந்தே போயிற்று. மற்ற நாளெல்லாம் ஒழுகும் அந்தத் தகரக் கூரை அன்றைக்குப் பார்த்து ஒரு சொட்டைக்கூட எழுத்தின்மேல் விழவிடவில்லை. வேண்டாத நேரத்தில்தான் எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும்.

திங்கட்கிழமை காலை பேருந்திலிருந்து இறங்கியதும் பெரிய டீச்சர் பார்த்தது, பலகை முன்னால் கூடியிருந்த கூட்டத்தை. எல்லோரும் பெற்றோர்கள். எல்லோர் முகமும் கடுகடுவென்று இருந்தது.

“என்ன டீச்சர் இது?” என்று முதலில் பாய்ந்தவர் டிராக்டர் ஓட்டுகிறவர். “நான் கயிறு இழுத்தேனாமே! என் கைக்கே தெரியாம எப்ப இழுத்தேன்?”

தக்காளிக் கிடங்கில் பழம் பிரிக்கும் பெண்ணை எல்லோரும் கிடங்கு அக்கா என்பார்கள். அவர் சாப்பாட்டுக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முன்னால் வந்தார். “எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம விழா நடத்தியிருக்கீங்க. பெத்தவங்க ஜெயிச்சாங்கன்னு வேற போட்டிருக்கு. யாரு அந்தப் பெத்தவங்க? வெளியூர்லருந்து ஆள் பிடிச்சீங்களா?”

“சொல்லாமலா? மூணு வாரமா எழுதியிருந்தேனே, இந்தப் பக்கம்!”

“அந்தப் பக்கத்த யாரு டீச்சர் படிக்கிறா?”

பெரிய டீச்சருக்கு அழுவதா கத்துவதா என்று தெரியவில்லை. முதலில் அழித்துத் தொலைப்போம் என்று அழிப்பானை எடுக்கப் போனார். அதற்குள் ஒரு கார் வந்து பக்கத்தில் நின்றது. இறங்கியவர் கல்வி அதிகாரி. இந்த வாரத்தில் ஒரு நாள் வருவார் என்று தெரியும். வாரத்தின் முதல் மணி அடிக்கும் முன்பே வந்து நிற்பார் என்று யார் கண்டது?

அதிகாரி கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு நிதானமாகப் படித்தார். “பரவாயில்லையே! பெத்தவங்க எல்லாம் திரண்டு வந்தீங்களா?”

பள்ளிக்கு என்ன ஆபத்து என்று ஊருக்குத் தெரியும். பெரிய டீச்சர் முகம் வெளுத்துப் போனதும் தெரிந்தது. டிராக்டர்காரர் தொண்டையைச் செருமினார். “ஆமா சார். திரண்டோம்.”

“நாங்கதான் சார் ஜெயிச்சோம்,” என்றார் கிடங்கு அக்கா. “எனக்கு இன்னும் தோள்பட்டை வலிக்குது. முன்னாடி நின்னு இழுத்தது நானில்ல?”

“நீ எங்க முன்னாடி நின்ன? நான்ல முன்னாடி நின்னேன்!”

“அண்ணே, வாயக் கிளறாத. நீ நடுவுல நின்ன. அதுவும் பாதியில விட்டுட்ட.”

நடக்காத போட்டியில் யார் எங்கே நின்றார்கள் என்று இருவரும் நிஜமாகவே சண்டைக்கு நின்றுவிட்டார்கள். அதிகாரி சுவாரசியமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் டிராக்டர்காரரின் மகள் தன் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். முதல் வகுப்பு. எந்தச் செய்தியையும் வயிற்றில் வைத்துக்கொள்ள மாட்டாள் என்பதால் பள்ளியில் அவளுக்கு வானொலி என்று பெயர்.

“அப்பா, சனிக்கிழமை மழை பெஞ்சுச்சுல்ல? நீ போத்திட்டுத் தூங்கிட்டுல்ல இருந்த?”

அதிகாரி பெரிய டீச்சர் பக்கம் திரும்பினார்.

ஒரே ஒரு ‘ஆமாம் சார்’ போதும். குழந்தை கிழமையை மாற்றிச் சொல்கிறது என்று சிரித்து மழுப்பிவிடலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஊரே கைகொடுத்து நின்றது. ஆனால் வானொலி அண்ணாந்து டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தாள், தான் சொன்னது சரிதானே என்று கேட்பதுபோல. அந்தப் பிள்ளையைப் பொய்யாக்க அவருக்கு மனசு வரவில்லை.

“அவ சொல்றதுதான் சார் உண்மை. விழா நடக்கல.”

“அப்புறம் ஏன் எழுதினீங்க?”

“வெள்ளிக்கிழமையே எழுதி வைக்கிறது என் பழக்கம் சார்.” டீச்சர் பலகையை ஏறிட்டுப் பார்த்தார். “ஆனா அது மட்டும் இல்ல. மழையே பெய்யலைன்னாலும் இவங்க வருவாங்கன்னு எனக்கு நம்பிக்கை இல்ல. எழுத்துலயாவது வரட்டுமேன்னு எழுதிட்டேன்.”

சுருக்கென்று குத்தியது பெற்றோருக்குத்தான். ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கிடங்குப் பக்கம் போகும் பேருந்து வந்து ஹாரன் அடித்தது. யாரும் அசையவில்லை. ஓட்டுநர் இன்னொரு முறை அடித்துப் பார்த்துவிட்டுக் காலி வண்டியோடு கிளம்பினார்.

கிடங்கு அக்கா கூடையைத் தரையில் வைத்தார். “கயிறு எங்க இருக்கு?”

“எதுக்கு?”

“எழுதினது எழுதினதாவே இருக்கட்டும் டீச்சர். நாங்க வந்துட்டோம்ல?”

மைதானத்தில் சேறு கணுக்காலைத் தாண்டியது. ஒரு முனையில் ஊர். மறு முனையில் இரண்டு டீச்சர்கள். அதைப் பார்க்கச் சகிக்காமல் பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஓடிப்போய் டீச்சர்கள் பின்னால் தொற்றிக்கொண்டார்கள். அப்பாவுக்கு எதிராக இழுக்கக் கிடைத்த வாய்ப்பை எந்தப் பிள்ளை விடும்?

“சார், நீங்களும் டீச்சர் கட்சிதானே?” என்று கூவினார் டிராக்டர்காரர். “வேடிக்கை பாத்தா எப்படி?”

அதிகாரி தன் பளபளப்பான காலணியைப் பார்த்தார். சேற்றைப் பார்த்தார். பிறகு காலணியைக் கழற்றி வராந்தாவில் வைத்து, கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு வந்து முன்னால் நின்று கயிற்றைப் பிடித்தார். அவர் அப்படி வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அவரே எதிர்பார்த்திருக்க மாட்டார்.

சின்ன டீச்சர் விசில் ஊதிவிட்டு ஓடிவந்து கயிற்றைப் பற்றினாள். முதலில் கயிறு இம்மியும் நகரவில்லை. பிள்ளைகள் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார்கள். வானொலி இழுத்ததோடு நிற்காமல் யார் வழுக்குகிறார்கள், யார் ஏமாற்றுகிறார்கள் என்று சத்தமாக அறிவித்துக்கொண்டும் இருந்தாள். கிடங்கு அக்கா “ஏலேலோ” என்று ஒரு குரல் கொடுத்தார். அவ்வளவுதான். அதிகாரி முகம் குப்புறச் சேற்றில் விழ, அவர்மேல் பெரிய டீச்சர் விழ, அதற்குமேல் மொத்தப் பள்ளிக்கூடமும் விழுந்தது. பெற்றோர் குதித்துக் கூத்தாடினார்கள். நிஜமாகவே முன்னால் நின்றது யார் என்று மறுபடி ஒரு சண்டை ஆரம்பமாயிற்று.

குழாயடியில் அதிகாரி முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். பெரிய டீச்சர் துண்டோடு வந்து நின்றார். கேட்காமலும் இருக்க முடியவில்லை; கேட்கவும் வாய் வரவில்லை.

“சார்... அறிக்கையில என்ன எழுதுவீங்க?”

“இப்பவே எப்படிச் சொல்றது? நான் உங்கள மாதிரி முன்கூட்டி எழுதற ஆள் இல்ல.” காதிலிருந்த சேற்றைச் சுண்டுவிரலால் வழித்து எறிந்தார். “போன வருஷம் இங்க பெத்தவங்க ஈடுபாடே இல்லைன்னு எழுதினது யாரு?”

“நீங்கதான் சார்.”

“இன்னைக்கு என்னைச் சேத்துல இழுத்துப் போட்டது யாரு? அந்த இல்லாத பெத்தவங்களா?” என்று சொல்லிவிட்டு அவரே வாய்விட்டுச் சிரித்தார். “பள்ளிக்கூடம் எங்கயும் போகாது டீச்சர். போய் மணி அடிங்க.”

கழுவிய முகத்தோடு அவர் கையை நீட்டிக்கொண்டே நின்றார். பெரிய டீச்சர் துண்டைக் கொடுக்க மறந்து, அதில் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.